பதின்மூன்று குதிரைகள்

சூலூருக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே, தரையோடு தரையாக இரண்டு இரும்பு உருளைகள். காரை அதன்மேல் ஏற்றிக் கட்டி ஓட்டினால், அது எத்தனை குதிரைத்திறன் தருகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். டைனோ என்பார்கள். அதை நடத்துபவர் யசோதா. வயது முப்பத்திரண்டு.

அவரிடம் பாடம் கேட்க வந்தவர் நாச்சிமுத்து. வயது நாற்பத்தெட்டு. கார்புரேட்டர் காலத்தில் சத்தத்தைக் கேட்டே எஞ்சினைச் சரிசெய்து பேர் வாங்கியவர். எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது, வேறு வழியில்லை. சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை அண்ணா என்பார்.

நாச்சிமுத்து முதன்முதலாகத் தனியாகச் செய்த வேலை இர்ஃபானின் கார். டவுனில் துணிக்கடை வைத்திருப்பவன். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போ மாட்டி, புகைக்குழாயை மாற்றி, இரண்டு மாதம் அதோடு கிடந்தார். ஆரம்பத்திலேயே டீக்கடையில் நாலு பேர் முன்னால், "இருநூறு குதிர வராம வண்டிய வெளிய விட மாட்டேனுங்க" என்று வாயை விட்டிருந்தார்.

டைனோவில் ஏற்றிய அன்று யசோதா ஊரில் இல்லை. நாச்சிமுத்துவே மூன்று முறை ஓட்டினார். நூற்று எண்பத்தேழு. அதற்குமேல் நகரவில்லை.

வேலைக்கு முன்னால் அந்தக் கார் தந்தது தொண்ணூற்றிரண்டு. அப்படிப் பார்த்தால் எவரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் வாய் சொன்னது இருநூறு.

எஞ்சின் சூடான காற்றில் திணறும். வெயில் நாளில் ஓட்டிய காருக்கு அநியாயம் ஆகிவிடக்கூடாது என்று, மிஷின் காற்றின் சூட்டைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிப் போடும். சூட்டைப் பார்ப்பது சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சின்ன சென்சார். நாச்சிமுத்து அதைக் கழற்றிக் கொண்டுபோய் காரின் ரேடியேட்டருக்குப் பின்னால் தொங்கவிட்டார். இந்தச் சூட்டிலும் ஓடுகிறதே பாவம் என்று மிஷின் இரங்கிவிட்டது. இருநூறு போட்டது.

அந்த எண்ணோடு ஷீட்டை அச்செடுத்துக்கொண்டு, சென்சாரைச் சுவரில் திரும்ப மாட்டிவிட்டார்.

இர்ஃபான் அந்த ஷீட்டை லேமினேட் செய்து கடையில், கல்லாவுக்கு மேலே மாட்டினான். நாச்சிமுத்து அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். தீபாவளித் துணியைக்கூட வேறு கடையில் எடுத்தார்.

நாலு மாதம் கழித்து இர்ஃபான் மறுபடி வந்தான். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர வைக்க, இருக்கிற சின்ன கூலருக்குப் பதில் பெரியது ஒன்று வேண்டும் என்றான். செய்த தப்புக்கு ஈடு கட்டுவதுபோல நாச்சிமுத்து அதை இழைத்து இழைத்துப் பொருத்தினார். இந்த முறை டைனோவில் ஓட்டியது யசோதா.

நூற்றுத் தொண்ணூற்று நாலு.

இர்ஃபான் பையிலிருந்து பழைய ஷீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"என்னண்ணா, ஆறு கொறஞ்சிருக்கு?"

"இன்னைக்கு வெயிலு சாஸ்திங்க தம்பி."

"வெயிலுக்குத்தான் மிஷினே கூட்டிப் போடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

நாச்சிமுத்து குனிந்து கூலரின் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"கூலர் சரியில்லண்ணா. கழட்டிட்டு பழசையே போட்டுருங்க." ஷீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, போன் பேச வெளியே போனான்.

நாச்சிமுத்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரின் முன்னால் உட்கார்ந்தார். யசோதா மேசையிலிருந்த பழைய ஷீட்டை எடுத்துப் படித்தார். பிறகு நாச்சிமுத்துவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கூலர் நல்லதுங்களாண்ணா?"

"நல்லதுங்க."

"அப்புறம் ஏனுங்க கழட்டறீங்க?"

"கஸ்டமர் சொல்றாருங்களே."

யசோதா கையை நீட்டினார். நாச்சிமுத்து கழற்றிய போல்ட்டை அதில் வைத்தார். இரண்டாவதையும் வைத்தார். யசோதா கையை எடுக்கவில்லை.

இந்தக் காரில் தன் கையால் நேர்மையாகச் செய்த ஒரே வேலையைத் தானே பிரிப்பது நாச்சிமுத்துக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் பேச வேண்டும்.

மூன்றாவது போல்ட்டில் ஸ்பேனர் நின்றது.

"மேடம், இந்த மிஷின முழுசா நம்பலாமுங்களா?"

நம்ப முடியாது என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். மிஷின்மேல் பழியைப் போட்டு இர்ஃபானைச் சமாளித்துவிடலாம்.

யசோதா பழைய ஷீட்டை அவர் முன்னால் வைத்து, கீழ் மூலையை நகத்தால் தொட்டுக் காட்டினார். பொடி எழுத்து. நாச்சிமுத்து கண்ணைச் சுருக்கிப் படித்தார். காற்றின் சூடு, எழுபது டிகிரி.

"தாராளமா நம்பலாமுங்கண்ணா. இத்தன சூட்டுல நின்னுதான் இருநூறுன்னு சொல்றேன்னு அது எழுதிக் குடுத்திருக்குது. நீங்க செஞ்சத எங்கீங்க எழுதியிருக்கீங்க?"

வெளியிலிருந்து இர்ஃபானின் குரல் வந்தது. "கழட்டியாச்சாண்ணா?"

நாச்சிமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு யசோதாவின் கையிலிருந்த இரண்டு போல்ட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். குரல் வாசல்வரைகூடப் போகவில்லை. மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.