கல்லிடம் கேட்டது

தூத்துக்குடியில் கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன ஆய்வுக்கூடம் இருந்தது. வானத்திலிருந்து விழுந்த கற்களை ஆராய்வதுதான் அங்கே வேலை. அதை நடத்தியவர் தில்லைநாயகி, முப்பத்தாறு வயதுக்காரர். அவரிடம் பாடம் கேட்க வந்த மாணவர் இன்னாசிக்கு அவரைவிடப் பத்து வயது கூடுதல்.

ஆசிரியர் மாணவரை 'அண்ணாச்சி' என்பார். மாணவர் ஆசிரியரை 'டீச்சர்' என்பார். புதிதாக வருகிறவர்கள் யாருக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழிப்பார்கள். இவர்கள் இருவரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

இன்னாசி அதற்கு முன் சுண்ணாம்புக்கல் குவாரியில் ஜியாலஜிஸ்டாக இருந்தவர். பாறையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்து நிற்பார். உள்ளே விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சிறுகோள்களைப் பற்றிப் படித்தார். சில சிறுகோள்களின் பாறைக்குள் தண்ணீர் பிணைந்து கிடக்கிறதாம். அதைப் பிரித்தெடுக்க முடிந்தால், விண்கலங்கள் போகிற வழியிலேயே எரிபொருள் செய்துகொள்ளலாமாம். இன்னாசிக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு மறுபடி மாணவராகிவிட்டார்.

"மண்ணைத் தோண்டுனது போதாதுன்னு வானத்தைத் தோண்டப் போறாராம்" என்று மைத்துனர்மார் சிரித்தார்கள். மனைவி செலின் சிரிக்கவில்லை. தன் பள்ளிக்கூடச் சம்பளத்தில் வீட்டை ஓட்டிக்கொண்டு, அவருக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

டீச்சர் அவரிடம் ஒரு கறுப்புக் கல்லைக் கொடுத்திருந்தார். அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வழி எளிதுதான். முதலில் இளஞ்சூட்டில் காயவைத்து, கல்லின் மேல் ஒட்டிய ஈரத்தைப் போக்கிவிட்டு எடை போட வேண்டும். பிறகு உலையில் நன்றாகச் சுட்டு மறுபடி எடை போட வேண்டும். குறைந்த எடையை வைத்துக் கல்லுக்குள் இருந்த தண்ணீரைக் கணக்கிடலாம்.

கல் இருந்த அறைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. முகக்கவசம் கட்டாமல் கல்லிடம் போகக் கூடாது. டீச்சர் பக்கத்தில் இருந்தால் இன்னாசி ஒழுங்காகக் கட்டியிருப்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் தாடைக்கு இறக்கிவிடுவார். குவாரித் தூசியில் வருஷக்கணக்காகக் கட்டிக் கட்டி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. இந்தத் துளியூண்டு கல்லிலிருந்து என்ன தூசி கிளம்பி நெஞ்சுக்குள் போய்விடப் போகிறது என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு நாள் காலை முகமெல்லாம் சிரிப்பாக டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், கல்லு வாயத் திறந்துட்டு."

"என்ன சொல்லுது?"

"நாம நெனச்சதவிட ஒண்ணரை மடங்கு தண்ணி வச்சிருக்கு. ஒவ்வொரு துண்டா எடுத்துத் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். எப்பப் பாத்தாலும் அதேதான்."

டீச்சர் அவர் கையிலிருந்த கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"பெங்களூர் கம்பெனிக்காரங்க இன்னைக்குப் போன் பண்ணுவாங்க டீச்சர். இந்த மாதிரிச் சிறுகோளுக்குத்தான் கலம் அனுப்பலாமான்னு பாக்காங்க. தண்ணி இவ்வளவு இருக்குன்னா அதையே முடிவு பண்ணிருவாங்க. குவாரியும் தெரிஞ்சு விண்கல்லும் தெரிஞ்ச ஆளு வேணுமாம். என்னையத்தான் சொல்லிருக்காங்க."

"நல்லது அண்ணாச்சி."

"இந்த வயசுக்கு மேல என்னைய யாரு கூப்பிடுவா? நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

டீச்சர் எழுந்தார். "வாங்க, கல்லைப் பாப்போம்."

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த அறை சில்லென்று இருந்தது. டீச்சர் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டார். இன்னாசியும் கட்டிக்கொண்டார்.

"காலையில வெளிய நின்னேன். உள்ள யார்கிட்டயோ பேசிட்டிருந்திய."

இன்னாசிக்கு வெட்கமாகிவிட்டது. "கல்லுகிட்டதான் டீச்சர். எடை போடதுக்கு முன்னால டப்பா மூடியத் திறந்து, லென்ஸ் வச்சு ஒரு பார்வை பாப்பேன். அப்படியே ரெண்டு வார்த்தை கேப்பேன். ஒரு பழக்கம்."

மேஜை மேல் அந்த லென்ஸ் கிடந்தது. டீச்சர் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுக்குள்ள எவ்வளவு தண்ணி இருக்கு?"

"கண்ணாடியில ஏது டீச்சர் தண்ணி?"

"அதுகிட்டயே கேளுங்க."

"வெளையாடுதியளா?"

"கல்லுகிட்ட எப்படிக் கேப்பியளோ அப்படிக் கேளுங்க."

இன்னாசி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். கை தானாகவே அதைச் செய்தது. லென்ஸை முகத்தருகே கொண்டுபோய்க் குனிந்தார்.

"எய்யா, ஒங்கிட்ட எவ்வளவு தண்ணி இருக்கு? ஒளிக்காமச் சொல்லு."

அவர் மூச்சு பட்டு லென்ஸ் வெள்ளையாகப் பூத்துவிட்டது.

இன்னாசி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். காய்ந்து தாகத்தோடு கிடந்த கல்லின் டப்பாவைத் திறந்துவைத்து, மூக்கு முட்டுகிற தூரத்தில் குனிந்து எத்தனை முறை கேட்டிருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் கேட்டார். அதனால் பதிலும் ஒரே மாதிரிதான் வந்தது.

"மாஸ்க்கு என்னையக் காப்பாத்தத்தான்னு இருந்துட்டேன் டீச்சர்."

"குவாரியில அப்படித்தான். இங்க அது கல்லுக்கு."

"இந்தக் கணக்குல எவ்வளவு கல்லோடது, எவ்வளவு என்னோடது?"

"தெரியாது அண்ணாச்சி."

"பாதியாவது அதோடதா இருக்குமா?"

"இருக்கும்னு எனக்கும் ஆசைதான்."

அப்போது இன்னாசியின் சட்டைப்பையில் போன் அடித்தது. பெங்களூர் எண். டீச்சர் அதைப் பார்த்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. லென்ஸ் அதற்குள் தெளிந்துவிட்டது. அதில் ஈரம் பூத்திருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. தாளில் இருந்த கணக்கு பளிச்சென்று இருந்தது. இன்னாசி போனை எடுத்தார்.

"சார், குட் மார்னிங். ஸ்ரீவத்சா பேசறேன். ரிசல்ட் ரெடியா?"

"இல்ல சார்."

"போன வாரம் கிட்டத்தட்ட முடிஞ்சதுன்னு சொன்னீங்களே?"

"அதுல என் தண்ணியும் சேந்துபோச்சு சார்."

"புரியல."

"முதல்லேருந்து பாக்கணும்."

"சார், இன்னைக்கு போர்டு மீட்டிங். தோராயமா ஒண்ணு சொல்லுங்க, அப்புறம் மாத்திக்கலாம். இல்லன்னா அகமதாபாத்ல ஒருத்தர் ரெடியா இருக்கார்."

இன்னாசிக்குச் செலின் ஞாபகம் வந்தது. காலையில் இட்லி வைக்கும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கத்தைவிட ஒன்று கூட வைத்தாள், அவ்வளவுதான்.

"அவரையே எடுத்துக்கங்க சார்" என்றார்.

வெளியே வந்தபோது டீச்சர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்க்கிலிருந்து இரண்டு தம்ளரில் டீ ஊற்றி வைத்திருந்தார். இன்னாசி பக்கத்தில் உட்கார்ந்தார். கடலிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. டீயை வாயருகே கொண்டுபோனவர் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். அழுகை வந்துவிடும்போல் இருந்தது அவருக்கு.

"செலின்கிட்ட என்ன சொல்லுவேன்னு தெரியல."

"சாயங்காலம் நானும் வாரேன்."

"மச்சினன்மாரு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

பிறகு இன்னாசி டீயைக் குடித்து முடித்தார். ஆறிப்போயிருந்தது.

"பொய் சொல்லணும்னு நெனைக்கல டீச்சர். அந்தக் கல்லு மேல எனக்கு அவ்வளவு பிரியம்."

"தெரியும்."

"பிரியமாத்தான் கேட்டேன்."

"அதுவும் தெரியும். எந்திரிங்க, கல்லைக் காயப் போடணும்."

இன்னாசி எழுந்தார். முழங்கால் வலித்தது. உள்ளே போய் அந்தத் தாளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ஆமா, முதல்லேருந்து கேக்கணும்."

டீச்சர் புது முகக்கவசம் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார். இன்னாசி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவ்வளவு வருத்தத்திலும் அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

"வாயக் கட்டிட்டா எப்படி டீச்சர் கேக்கது?"

"காதையா கட்டச் சொன்னேன், அண்ணாச்சி?"