விலைக்கு வாங்காத மூடுபனி

மூடுபனி கோட்டை வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போகும் ஒரு நாட்டில், முன்னொரு காலத்தில், ராஜா ஒரு கனவு கண்டார். வெள்ளை வெளேரென்று பனி. அதற்குள் எங்கோ ஓர் ஏரி. அதில் துடுப்புப் போடாமலே நகரும் ஒரு படகு. படகில், ஏழு வயதில் இறந்துபோன அவருடைய தங்கை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

விழித்ததும் அந்தக் கனவு திரும்ப வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. அரண்மனை ஓவியர்கள் தாமரையும் அன்னமும் தங்கப் பூச்சுமாக வரைந்து வந்தார்கள். ராஜா எதையும் ஏற்கவில்லை.

கடைசியில் மருதாயி என்ற ஓவியரை அழைத்தார்கள். அவள் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. தன் வீட்டில் வரைந்து, தானே விலை சொல்லி விற்பவள். ராஜா சொன்ன கனவைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள். பத்து நாள் கழித்து ஆளுயரத் துணி ஒன்றைச் சபையில் விரித்தாள். துணி முழுக்க வெண்மை. கீழ் மூலையில் ஒரு சாண் அளவுக்குப் படகு. அதில் ஒரு சிறு முதுகு.

ராஜா படத்தின் அருகே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, தூக்கத்தில் பேசுகிறவர்போல, "இவள்தான்" என்றார். "விலை என்ன, அம்மணி?"

"நூறு பொன், மகாராஜா."

கருவூல அதிகாரி சிங்கப்பெருமாள் துள்ளி எழுந்தார். அரண்மனை ஓவியர்கள் அவருடைய ஆட்கள். அவர்கள் தோற்றதே அவருக்கு எரிச்சல்.

"பிரபு! தூரிகை பட்ட இடம் ஒரு சாண். மிச்சமெல்லாம் வெறும் துணி. வரைந்த இடத்துக்கு மட்டும் விலை போட்டால் ஒரு பொன்னே அதிகம்!"

"அதுவும் நியாயமாகத்தான் படுகிறது" என்று ராஜா இழுத்தார்.

மருதாயியின் முகம் வாடிவிட்டது. "இதே அளவுப் படத்தை ஓர் உப்பு வணிகருக்கும் நூறு பொன்னுக்குத்தான் கொடுத்தேன். தங்களுக்கென்று கூட்டவில்லை. இன்று ஒரு பொன்னுக்குக் கொடுத்தால் அவரை நான் ஏமாற்றியதாக ஆகும். நாளைக்கு என்னைத் தேடி வருகிறவர்களும் ஒரு பொன்னோடுதான் வருவார்கள். பிறகு நான் எப்படிப் பிழைப்பேன்?"

சபை விகடகவி சொக்கட்டான் மெல்ல எழுந்தான்.

"மகாராஜா, அதிகாரி சொன்னபடியே ஒரு பொன்னுக்கு வாங்குவோம். வாங்கியதை மட்டும் நான் தங்களுக்குக் காட்டுகிறேன்."

வாசலில் தொங்கிய நீலத் திரையைக் கழற்றி வந்து, படகு மட்டும் தெரியும்படி படத்தை மூடினான். ராஜா பார்த்தார். திரையின் மூலையில் ஏதோ மரக்கட்டை ஒட்டியிருப்பதுபோல் இருந்தது.

"ஏரி எங்கே? என் தங்கை எங்கே போகிறாள்?"

"அதெல்லாம் நாம் வாங்காத பக்கத்தில் இருக்கிறது, மகாராஜா."

"திரையை எடு!"

"எப்படி எடுப்பேன்? திரைக்குப் பின்னால் இருப்பது இன்னும் இந்த அம்மாளின் பொருள். அரசர் பிறர் பொருளை இலவசமாகப் பார்த்தார் என்ற பெயர் வரலாமா?"

சிங்கப்பெருமாள் சீறினார். "வெறும் துணிக்குத் தொண்ணூற்றொன்பது பொன்னா? வெறும் துணியை நானே சும்மா தருவேனே!"

"அப்படியா? கொண்டு வாருங்கள்."

அதிகாரி வெள்ளைத் துணி ஒன்றை வரவழைத்து இரு கைகளாலும் விரித்துப் பிடித்தார். சொக்கட்டான் பணிவோடு கேட்டான்: "மகாராஜா, பனி தெரிகிறதா?"

"சிங்கப்பெருமாளின் பாதங்கள் தெரிகின்றன" என்றார் ராஜா. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வெடித்தது. சபை முழுவதும் சிரித்தது.

ராஜா தானே போய்த் திரையை விலக்கினார். "இருநூறு பொன் கொடுங்கள்!"

"விலை நூறுதான், மகாராஜா" என்றாள் மருதாயி. நூறை எண்ணி வாங்கிக்கொண்டு கும்பிட்டாள்.

மீதி நூறு சொக்கட்டானுக்குப் போயிற்று.

சபை கலைந்தது. எல்லோரும் போன பிறகும் சிங்கப்பெருமாள் மட்டும், கையில் அந்த வெற்றுத் துணியோடு, படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பனி மெல்ல நகர்வதுபோல் இருந்தது.

"யாராவது தெரிகிறார்களா, ஐயா?" என்று சொக்கட்டான் தாழ்ந்த குரலில் கேட்டான்.

அதிகாரி துணியின் நுனியால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.