சடையாண்டி சொன்ன அடையாளம்

மருதவனத்தில் சடையாண்டி என்றொரு கரடி இருந்தது. வயதான கரடி. அந்த விஷயம் காட்டில் எல்லோருக்கும் தெரியும், சடையாண்டிக்கு மட்டும் தெரியாது. யாராவது சொல்ல வந்தால் காது கேட்காத மாதிரி இருந்துவிடும். காது நிஜமாகவே சரியாகக் கேட்பதில்லை. ஆனால் அதையும் அது ஒப்புக்கொள்ளாது.

குளத்தில் தண்ணீர் குடிக்கப் போனால் முதலில் காலால் நன்றாகக் கலக்கிவிடும். தண்ணீர் சேறும் சகதியுமான பிறகுதான் வாயை வைக்கும். ஏனென்றால் தெளிந்த தண்ணீரில் ஒரு கிழட்டுக் கரடி நின்றுகொண்டு சடையாண்டியையே முறைத்துப் பார்க்கிறதாம். "எந்த ஊர்க் கிழமோ தெரியலை, தினமும் வந்து நிக்குது" என்று முணுமுணுக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ வந்த வேடர்கள் தோண்டிப் போட்ட குழிகள் அங்கங்கே கிடந்தன. மழைக்காலத்தில் புல் மண்டிவிட்டால் குழி கண்ணுக்குத் தெரியாது. விழுந்தவர்களைத் தூக்கிவிடுவது ஆற்றுக்கு அக்கரையில் இருந்த யானைகளின் பொறுப்பு. ஆனால் அந்த யானைகளுக்கு இக்கரையில் யாரையும் தெரியாது. அதனால் மழைக்கு முன்பே ஒவ்வொருவரும் சொர்ணம் என்ற மைனாவிடம் வந்து, பார்க்க எப்படி இருப்போம், என்னென்ன பழக்கம் என்று அடையாளம் சொல்ல வேண்டும். சொர்ணம் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். யாராவது காணாமல் போனால் யானைகளிடம் போய் ஒப்பிக்கும். சொன்னவரைத் தவிர வேறு யாரும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. அடையாளம் பொருந்தாத யாரையும் யானைகள் தூக்க மாட்டா.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. ஒருமுறை குழிக்குள்ளிருந்து, "நான் ஒரு ஏழைப் புள்ளிமான், காப்பாத்துங்க" என்று குரல் கேட்டது. உடம்பில் புள்ளி இருக்கிறதா என்று யானைகள் கேட்டன. நிறைய இருக்கிறது என்று பதில் வந்தது. தூக்கிப் பார்த்தால் சிறுத்தை. வெளியே வந்ததும் முதல் வேலையாக ஒரு யானையின் வாலைக் கடித்துவிட்டு ஓடிவிட்டது.

அந்த வருஷமும் எல்லோரும் மருத மரத்தடியில் கூடினார்கள். முதலில் முள்ளம்பன்றி எழுந்தது.

"பாதி முள்ளு கொட்டிப்போச்சும்மா. மிச்சம் இருக்கிறது நடக்கும்போது கலகலன்னு ஆடும். மத்தியானம் சாப்பிட்டதை மறந்துட்டு இன்னொரு தடவை சாப்பிடுவேன். அதையும் மறந்துடுவேன்."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முள்ளம்பன்றியும் சேர்ந்து சிரித்தது. சடையாண்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நம்மைப் பார்த்தும் இப்படிச் சிரித்துவிடுவார்களே என்று அதற்குப் பயமாக இருந்தது.

"அடுத்தது சடையாண்டித் தாத்தா" என்று சொர்ணம் கூப்பிட்டது.

சடையாண்டி திரும்பித் தன் பின்னால் பார்த்தது. அங்கே யாரும் இல்லை.

"தாத்தாவா? யாரைச் சொல்றே? சரி, கேட்டுக்கோ. உடம்பு பூரா கருகருன்னு முடி. வெயில் பட்டா மின்னும். வாய் நிறையப் பல்லு. நான் நடந்தா தரை அதிரும். என்னைத் தூக்கணும்னா ஒரு யானை பத்தாது. விடியறதுக்கு முன்னாடி எழுந்துடுவேன். அளவாச் சாப்பிடுவேன். கோபம்னா என்னன்னே தெரியாது."

"குறட்டை?"

"அப்படின்னா?"

சொர்ணம் தலையைச் சாய்த்து அதை மேலும் கீழும் பார்த்தது. எதிரில் நின்றது சாம்பல் பூத்த, அங்கங்கே வழுக்கை விழுந்த ஒரு கரடி. "தாத்தா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் நான் மாத்த முடியாது."

"யோசிக்க என்ன இருக்கு? குறட்டை விடமாட்டேன்னும் சேர்த்துக்கோ."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சடையாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனது.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மழை சற்று விட்டதும் சடையாண்டி கறையான் தின்னக் கிளம்பியது. அதன் உயரத்துக்கு ஒரு புற்று நின்றது. ஆசையாக வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தது. மண்தான் வந்தது. கோபம் என்றால் என்னவென்றே தெரியாத சடையாண்டிக்குத் தலைக்கேறிவிட்டது.

"உள்ளே ஒண்ணும் இல்லாம எதுக்குடா இவ்வளவு உயரமா நிக்கிறே? வெட்கமா இல்லை உனக்கு?"

புற்று பதில் பேசவில்லை. சடையாண்டிக்கு அது இன்னும் அவமானமாகப் போய்விட்டது. இன்னும் நன்றாக முறைக்கலாம் என்று இரண்டடி பின்னால் போனது. பின்னால் இருந்தது குழி.

பொத்தென்று விழுந்து, சேற்றில் புரண்டு எழுந்தது. கத்தோ கத்தென்று கத்தியது. தொண்டை கட்டியதுதான் மிச்சம். களைப்பில் சுவரோரம் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனது.

மறுநாள் அதைக் காணவில்லை என்றதும் சொர்ணம் அக்கரைக்குப் பறந்தது. குஞ்சரம்மாள் என்ற தலைவி யானை, அடையாளத்தைக் கேட்டுவிட்டு மலைத்துப் போய், பலசாலி யானைகளாகப் பார்த்து அழைத்து வந்தது. சொர்ணம் ஆற்றோரக் குழிகளைப் பார்க்கப் போனது. யானைகள் புற்றின் பக்கம் வந்தன. குழிக்குள்ளிருந்து மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"குறட்டை" என்றது ஒரு யானை.

"அப்போ இது வேற யாரோ. நம்மாளு குறட்டை விடமாட்டாராம். வாங்க போகலாம்" என்றது குஞ்சரம்மாள்.

காலடி அதிர்ந்ததில் சடையாண்டி விழித்தது. மழை மறுபடி பிடித்திருந்தது. குழியில் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. மேலே யானைகளின் வால்கள் விலகிப் போவது தெரிந்தது.

"போகாதீங்கம்மா! நான்தான் சடையாண்டி!"

குஞ்சரம்மாள் திரும்பி வந்து எட்டிப் பார்த்தது. இருட்டில், சேறு பூசிய ஏதோ ஒன்று நடுங்கிக்கொண்டு நின்றது.

"சடையாண்டிக்குக் கருகருன்னு முடியாமே?"

"சேறும்மா, சேறு."

"வாய் நிறையப் பல்லாமே? வாயைத் திற பார்ப்போம்."

சடையாண்டி வாயை இறுக மூடிக்கொண்டது.

"சிறுத்தையா இருக்கும்" என்று ஒரு யானை வாலை இடுக்கிக்கொண்டது.

அதற்குள் சொர்ணம் பறந்து வந்து குழியின் விளிம்பில் உட்கார்ந்தது. "நீ சொல்லும்மா சொர்ணம். நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?" என்று சடையாண்டி கெஞ்சியது.

சொர்ணத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "தெரியும் தாத்தா. ஆனா அடையாளத்தை மாத்துற உரிமை உங்களுக்குத்தானே? நீங்களே மாத்திச் சொல்லுங்க. சீக்கிரம்."

தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

"முடி கொஞ்சம் சாம்பல்" என்றது சடையாண்டி, யாருக்கும் கேட்காதபடி.

"சத்தமா!"

"சாம்பல்! அதுவும் மிச்சம் இருக்கிற இடத்துலதான். முதுகுல வழுக்கை."

"பல்லு?" என்றது குஞ்சரம்மாள்.

"மூணு. ஒண்ணு ஆடுது."

"விடியறதுக்கு முன்னாடி எழுந்திருப்பீங்களா?"

"வெயில் மூக்கைச் சுட்டாத்தான் எழுந்திருப்பேன். சுட்டாலும் சில நாள் திரும்பிப் படுத்துக்குவேன்."

தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. அதற்கு மேல் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சடையாண்டி மடை திறந்த மாதிரி கொட்டியது. "காது மந்தம். குறட்டை விடுவேன், அந்தச் சத்தத்துல நானே முழிச்சு யாரதுன்னு கேட்பேன். தனியாப் பேசுவேன். பதிலும் நானே சொல்லுவேன். புத்தோட சண்டை போடுவேன், அப்படித்தான் இங்கே விழுந்தேன். இலுப்பைப்பூ கிடைச்சா அளவே கிடையாது. குளத்துல தெரியற கிழவன் நான்தாம்மா. ரொம்ப நாளாவே தெரியும்."

சொர்ணம் குஞ்சரம்மாள் பக்கம் திரும்பியது.

"அம்மா, இதுதான் இப்போ சடையாண்டித் தாத்தாவோட அடையாளம். ஒவ்வொண்ணும் பொருந்துது. தூக்குங்க" என்றது சொர்ணம்.

பெரும் பாரம் என்று நினைத்துக் குஞ்சரம்மாள் துதிக்கையைச் சுற்றி, கால்களை ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தது. சடையாண்டி பஞ்சுமூட்டை மாதிரி பறந்து போய்ப் புற்றின் உச்சியில் உட்கார்ந்தது.

"ஒரு யானை பத்தாதுன்னு சொன்னாங்களே" என்று மற்ற யானைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

சடையாண்டிதான் முதலில் சிரித்தது. மூன்று பல்லும் வெளியே தெரிந்தன.

அடுத்த வருஷம் அடையாளம் சொல்லும் நாளில் அது எல்லோருக்கும் முன்னால் போய் நின்றது. "சாம்பல், வழுக்கை, குறட்டை" என்று தொடங்கி ஆசை தீரச் சொன்னது. கூட்டம் சிரித்து உருண்டது. "இரு, இரு, இன்னும் இருக்கு" என்றது சடையாண்டி. பல்லு இப்போது இரண்டுதான் என்பதையும் மறக்காமல் சேர்த்தது.

சொல்லி முடித்த களைப்பில் குளத்துக்குப் போனது. தண்ணீரைக் கலக்கவில்லை. கிழட்டுக் கரடி வழக்கம்போல அங்கே நின்றது. "வாய்யா, நீயும் வந்து குடி" என்று சொல்லிவிட்டுக் குனிந்தது.

நாம் எப்படி இருக்கிறோம் என்பதை நாமே மறைத்துவிட்டால், நம்மைத் தேடி வருகிறவர்கள்கூட நம்மைத் தாண்டித்தான் போவார்கள்.