சுரைக்காப்பட்டி செக்போஸ்ட்

சுரைக்காப்பட்டி எங்கே இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் போவீர்கள். அவர்கள் அன்பானவர்கள். மோர் கொடுப்பார்கள், திரும்பிப் போக வழியும் சொல்வார்கள். அந்த வழியில் போன இரண்டு பேர் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

அந்த ஊரில் தங்கப்பழம் என்பவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பூங்கனி. ஊர் பூவரசங்குளம், வேனில் போனால் நாற்பது நிமிஷம். இரண்டு ஊருக்கும் நடுவே கல்லாற்றுப் பாலம். பாலத்தில் போலீஸ் செக்போஸ்ட்.

நிச்சயதார்த்தத்தன்றே வம்பு ஆரம்பித்துவிட்டது. வேன் ஓட்டிய கொம்பையாவிடம் எல்லாப் பேப்பரும் இருந்தன. போலீஸ்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார், "எங்கே போறீங்க?"

கொம்பையா இரண்டு கையையும் மேலே தூக்கினான். "நான் ஒண்ணும் பண்ணலை சார்."

"நீ பண்ணுனேன்னு யாருய்யா சொன்னா?"

"அதான் சார் நானும் கேக்கேன், யாரு சொன்னா?" என்று கொம்பையா அழ ஆரம்பித்தான்.

ஒன்றும் செய்யாதவன் ஏன் அழுகிறான் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தாம்பாளத்தில் இருந்த வாழைப்பழத்தைக்கூட உரித்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது பூவரசங்குளத்தில் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொம்பையாவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. பேப்பர் இல்லாதவனுக்கு எது இல்லை என்றாவது தெரியும். எல்லாம் வைத்திருப்பவனுக்குத்தான் எது இல்லை என்றே தெரியாமல் வியர்க்கிறது. இதைப் பற்றிப் பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பெண்ணின் அப்பா ஆவுடையப்பன் கறாரான மனிதர். "முகூர்த்தம் பத்தரைக்கு. பத்தரைக்கு மாப்பிள்ளை என் மக பக்கத்துல உக்காந்திருக்கணும். இல்லைன்னா என் தங்கச்சி மகன் இருக்கான், அவன் உக்காருவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தங்கச்சி மகன் பட்டு வேட்டியை இஸ்திரி போடக் கொடுத்துவிட்டதாகவும் செய்தி வந்தது.

தங்கப்பழத்துக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. தாய்மாமன் பலவேசம்தான் தைரியம் சொன்னார். சுரைக்காப்பட்டியிலேயே பெரிய மூளைக்காரர் அவர். குடை நனைந்துவிடக் கூடாது என்று அதை வீட்டில் பத்திரமாக மாட்டிவிட்டு மழையில் நடப்பவர்.

"மாப்ளே, நாம ஏன் பயப்படுதோம்? பழக்கம் இல்லை. பழகிட்டா பயம் போயிரும். நம்ம ஊர்லயே ஒரு செக்போஸ்ட் வைப்போம். ஒத்திகை பாத்துட்டுக் கிளம்புவோம்."

"என்னைக்கு மாமா?"

"கல்யாணத்தன்னைக்குக் காலைல. முந்தின நாளே பாத்தா மறந்துரும்லா."

ஊர் எல்லையில், ரேஷன் கடைக்கு முன்னால், இரண்டு பெயிண்ட் டிரம்மை வைத்து மேலே ஒரு மூங்கிலைப் படுக்கப் போட்டார்கள். போலீஸாக நிற்க வெள்ளைப்பாண்டியைப் பிடித்தார்கள். ஊரில் காக்கி பேன்ட் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். அரிசி மில்லில் வாட்ச்மேனாக இருந்தபோது கொடுத்தது. பலவேசம் அவன் கழுத்தில் விசிலை மாட்டி, தோளில் கை வைத்துச் சொன்னார்:

"வெள்ளைப்பாண்டி, நிஜப் போலீஸ் எப்படி நிப்பாரோ அப்படியே நிக்கணும். சொந்தக்காரன், தெரிஞ்சவன்னு பாக்கக் கூடாது. எல்லாம் சரியா இருந்தாத்தான் விடணும். நானே வந்து சொன்னாலும் விடாதே."

"நீங்களே வந்து சொன்னாலும் விட மாட்டேன் அண்ணாச்சி."

இந்த இடத்தில் யாராவது ஒருவர் குறுக்கே பேசியிருக்கலாம். யாரும் பேசவில்லை.

காலை ஆறு மணிக்கு வேன் புறப்பட்டது. உள்ளே மாலையோடு தங்கப்பழம், தாலித் தட்டோடு பலவேசம், பின்னால் மேளக்காரர்கள், உறவு ஜனம். வெள்ளைப்பாண்டி விசில் அடித்துக் கையைக் காட்டினான். கொம்பையா அவனைப் பார்த்தான், காக்கியைப் பார்த்தான், வேனை அப்படியே திருப்பிக்கொண்டு குளத்தங்கரை வரைக்கும் ஓட்டிப் போய்விட்டான்.

"ஏலே, அது நம்ம வெள்ளைப்பாண்டிலே!" என்றார் பலவேசம்.

"தெரியும் சித்தப்பா. ஆனா அவன் என்னையத்தான் பாத்தான்."

இரண்டாம் தடவை வேன் நின்றது. வெள்ளைப்பாண்டி லைசென்ஸை வாங்கி நெடுநேரம் பார்த்தான். "போட்டோல மீசை இருக்கு. ஒனக்கு மீசை இல்லை."

"கல்யாணத்துக்காக வழிச்சேன்."

"அப்போ இது ஒன் லைசென்ஸ்னு எப்படி நம்புறது?"

"ஏலே, நீயும் நானும் ஒரே பெஞ்சுலதானே படிச்சோம்?"

"அப்பவும் ஒனக்கு மீசை இல்லை. இவருக்கு இருக்கு. இவரு வேற ஆளு."

பலவேசம் இறங்கி வந்து போட்டோவையும் கொம்பையாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அவன் கேக்குறது நியாயம்தான். மீசை வளர எத்தனை நாள் ஆகும்?"

"இருபது நாள்" என்றான் கொம்பையா.

"முகூர்த்தம் பத்தரைக்கு மாமா!" என்று வேனுக்குள் இருந்து தங்கப்பழம் அலறினான்.

கடைசியில் மேளக்காரர் மனைவியின் கைப்பையிலிருந்து கண்மை எடுத்து, கொம்பையாவுக்கு மீசை வரைந்தார்கள். வெள்ளைப்பாண்டி ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினான். மணி ஏழே முக்கால்.

"எங்கே போறீங்க?"

"கல்யாணத்துக்கு சார்." கொம்பையா இந்தத் தடவை அழவில்லை. வேனில் எல்லோரும் கை தட்டினார்கள்.

"யார் கல்யாணம்?"

"நம்ம தங்கப்பழம் கல்யாணம்."

வெள்ளைப்பாண்டியின் முகம் மாறியது. "தங்கப்பழத்துக்குக் கல்யாணமா? எனக்கு யாரும் பத்திரிகை வைக்கலையே."

எல்லா வீட்டுக்கும் வைத்திருந்தார்கள். வெள்ளைப்பாண்டி வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. மறுபடி போகலாம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டே இருந்துவிட்டார்கள்.

பலவேசத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து, மேளக்காரர்களை முன்னால் விட்டு, முறைப்படி நடந்து போய் டிரம்முக்கு எதிரே நின்றார். "தம்பி, மனசுல வச்சுக்காதே. குடும்பத்தோட வந்துரணும்."

வெள்ளைப்பாண்டியின் கண் கலங்கியது. கையை நீட்டினான். நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, நான் டியூட்டில இருக்கேன். வண்டியை நிறுத்துன எடத்துல தட்டுல வச்சுத் தாரீங்க. இதுக்குப் பேரு என்ன?"

பலவேசம் தட்டைப் பார்த்தார். "லஞ்சம்" என்றார் மெதுவாக.

"வண்டியை சீஸ் பண்ணியாச்சு" என்று விசில் அடித்தான் வெள்ளைப்பாண்டி. "உள்ளே இருக்குற ஆளு, சாமான் எதுவும் வெளியே வரக் கூடாது."

"மாமா, ஒத்திகை போதும்னு சொல்லுங்க!"

"போதும்டே வெள்ளைப்பாண்டி. ஒத்திகை முடிஞ்சுது."

"நீங்களே வந்து சொன்னாலும் விடக் கூடாதுன்னு சொன்னீங்கல்லா அண்ணாச்சி."

பலவேசத்தின் முகத்தில் கவலையை மீறிப் பெருமை தெரிந்தது. வேனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார், "பாத்தீங்களாடே? எப்பேர்ப்பட்ட நேர்மை! இவனை விட்டுட்டு எவனையோ அந்தப் பாலத்துல நிறுத்தியிருக்காங்க."

பிறகு ஆலோசனை நடந்தது. மேலதிகாரி சொன்னால் விடலாம் என்றான் வெள்ளைப்பாண்டி. யார் மேலதிகாரி? பலவேசம் தானே ஆகிக்கொள்வதாகச் சொன்னார். காக்கி இல்லாதவர் அதிகாரி ஆக முடியாது. ஊரில் இருப்பது ஒரே காக்கி. அதைக் கழற்றித் தந்தால் வெள்ளைப்பாண்டி போலீஸ் இல்லை. போலீஸ் இல்லாத செக்போஸ்டில் மேலதிகாரிக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியிலேயே மணி ஒன்பதரை ஆகிவிட்டது.

இதற்குள் மூங்கிலுக்கு இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. பால் வண்டி, மினி பஸ், ஸ்கூட்டரில் ஒரு தலைமையாசிரியர். "நீ யாரப்பா?" என்று ஒருவரும் வெள்ளைப்பாண்டியைக் கேட்கவில்லை. விசில் சத்தம் கேட்டதும் ஒவ்வொருவரும் தன் சட்டைப் பையைத்தான் தடவிப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் கேட்காமலேயே, இன்ஷூரன்ஸ் முடிந்து பதினொரு நாள் ஆகிறது என்று ஒப்புக்கொண்டார். அவரை நிழலில் தனியாக நிற்கச் சொன்னான் வெள்ளைப்பாண்டி. நின்றார்.

பூவரசங்குளத்திலிருந்து ஆவுடையப்பன் போன் மேல் போன் போட்டார். செக்போஸ்டில் போன் பேசக் கூடாது என்று பலவேசம் எடுக்க விடவில்லை. தங்கப்பழம் மடியில் அது அடித்து அடித்து ஓய்ந்தது. "அவ கையில மருதாணி வச்சிருப்பாளே" என்று அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டுத் தலைமையாசிரியரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் காரை எடுத்தார். "நானும் வாரேன். என் மாப்பிள்ளையை நான் தேடிக்கிடுதேன்" என்று பூங்கனி முகூர்த்தப் புடவையோடு ஏறி உட்கார்ந்தாள். தங்கச்சி மகனும் பட்டு வேட்டியோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டான். பாலத்தில் இறங்கி, "மாப்பிள்ளை வண்டியைப் பிடிச்சு வச்சிருக்கீங்களா?" என்று ஆவுடையப்பன் சண்டை போட்டார். அங்கிருந்த சப்-இன்ஸ்பெக்டர் நல்லவர். "நாங்க பிடிக்கலையே. வாங்க, என்னன்னு பாப்போம்" என்று இருந்த இரண்டு கான்ஸ்டபிள்களையும் ஏற்றிக்கொண்டு, தானே ஜீப்பை ஓட்டி முன்னால் வந்தார்.

மணி பத்து இருபது. சுரைக்காப்பட்டி எல்லையில் விசில் அடித்தது. ஜீப் நின்றது.

"லைசென்ஸ்?" என்றான் வெள்ளைப்பாண்டி.

சப்-இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். திட்டத்தான் திறந்தார் என்று நினைக்கிறேன். இருபது வருஷமாக அவர் கேட்கிற பக்கத்திலேயே நின்றவர். அந்தக் கேள்வி தன் காதில் விழுந்ததும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேன்ட் பைக்குப் போனது. ஜீப்பின் டப்பாவைத் திறந்து மூடியது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"வேற சட்டைல இருக்கு... சார்" என்றார்.

"எல்லாரும் இதைத்தான் சொல்லுதாங்க" என்றான் வெள்ளைப்பாண்டி.

"ஆமா. என்கிட்டேயும் இதைத்தான் சொல்லுவாங்க" என்று ஒப்புக்கொண்டு, ஒரு கான்ஸ்டபிளைச் சைக்கிள் வாங்கிக்கொண்டு போய் வீட்டிலிருந்து சட்டையை எடுத்துவரச் சொன்னார்.

பூங்கனி காரைவிட்டு இறங்கினாள். மணியைப் பார்த்தாள், பத்து இருபத்தாறு. காரில் தங்கச்சி மகன் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான். நேராக வெள்ளைப்பாண்டியிடம் வந்தாள்.

"அண்ணே, இந்த வண்டிக்குள்ள இருந்து ஆளு வெளியே வரக் கூடாதா?"

"கூடாதும்மா. சீஸ் ஆன வண்டி."

"தாலி?"

"அதுவும் உள்ளேதான் இருக்கணும்."

"உள்ளே ஏறலாமா?"

வெள்ளைப்பாண்டி யோசித்தான். பலவேசத்தைப் பார்த்தான். பலவேசமும் யோசித்தார். "ஏறக் கூடாதுன்னு நான் சொல்லலை" என்றார்.

பூங்கனி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேனில் ஏறித் தங்கப்பழத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே நின்ற மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டினார்கள். சரியாகப் பத்தரைக்குத் தங்கப்பழம் தாலி கட்டினான். வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்த பேப்பர்களை ஆட்டி வாழ்த்தினார்கள். ஆவுடையப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மூக்கைச் சிந்தினார்.

அப்போதுதான் கொம்பையா ஒரு விஷயத்தைக் கவனித்தான். "சித்தப்பா, அந்த சார் காக்கி போட்டிருக்காரு. மேலதிகாரி!"

சப்-இன்ஸ்பெக்டர், "வேன் போகலாம்" என்றார். வெள்ளைப்பாண்டி விறைப்பாக சல்யூட் அடித்து மூங்கிலைத் தூக்கினான்.

"அப்படியே என் ஜீப்பும்..."

"ஒங்க வண்டியை நீங்களே விடுறது நியாயமா சார்?"

"இல்லைதான்" என்று அவர் போய் நிழலில் தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றார்.

பலவேசம் வேனில் ஏறி உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒத்திகை பிரமாதம்டே! இனி கல்யாணத்துக்குக் கிளம்புவோம், நேரமாச்சு."

"மாமா, கல்யாணம் முடிஞ்சுட்டு" என்றாள் பூங்கனி.

"அது ஒத்திகைலம்மா."

சாப்பாடு பூவரசங்குளத்தில்தான் இருந்தது. அதனால் பூங்கனி மேற்கொண்டு பேசவில்லை. வேன் போனது.

கல்லாற்றுப் பாலத்தில் செக்போஸ்ட் வெறிச்சோடிக் கிடந்தது. இருந்த மூன்று போலீஸில் இரண்டு பேர் சுரைக்காப்பட்டியில், ஒருவர் சட்டை எடுக்கப் போயிருந்தார். தடுப்பு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. பஸ்ஸே போகலாம். கொம்பையா வேனை நிறுத்தினான், எஞ்சினை அணைத்தான், இறங்கினான், பேப்பர்களை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிமிர்ந்து நின்றான். வியர்வையில் மீசை ஒரு பக்கம் தாடை வரை இறங்கியிருந்தது. ஆனால் கை நடுங்கவில்லை.

"யாருமே இல்லையே, போகலாம்லா?" என்றாள் பூங்கனி.

"யாரும் போகச் சொல்லாம எப்படிம்மா போறது?" என்றார் பலவேசம். "இவ்வளவு பழகுனது எதுக்கு?"

பின்னால் வந்த டிராக்டர் இதைப் பார்த்தது. முன்னால் ஒரு கல்யாண வேனே இறங்கி நிற்கிறது என்றால் சோதனை பலமாகத்தான் இருக்கும் என்று அதுவும் நின்றது. அதன் பின்னால் ஒரு கார், ஒரு லாரி, இரண்டு பஸ். எல்லோரும் இறங்கினார்கள். எல்லோர் கையிலும் பேப்பர்.

மூன்று மணிக்கு, வேறு சட்டை வந்து சேர்ந்து, வெள்ளைப்பாண்டியிடம் லைசென்ஸைக் காட்டிவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் திரும்பினார். பாலத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே வரிசை. கடைசி வண்டிக்குப் பின்னால் ஜீப்பை நிறுத்தி, இறங்கி, லைசென்ஸை வெளியே எடுத்து வைத்துக்கொண்டார். அந்தக் கடைசி வண்டி ஒரு மீன் வண்டி. அதன் டிரைவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, ரொம்பக் கடுமையா பாக்காங்களா?"

"மோசம் சார்" என்றார் மீன் வண்டிக்காரர். "காலைல இருந்து ஒருத்தரைக்கூட விடலை."