கல்லுக்கு ஒரு கை தண்ணீர்

கத்தியும் கல்லும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தீட்டுவது என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. கத்தி மழுங்கினால் மழுங்கினதுதான். குழி தோண்டிப் படுக்கவைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, வீட்டுக்கு வந்து தலை முழுகுவார்கள். உயிரோடு புதைத்தால் அது சும்மா இருக்குமா என்று கேட்கிறீர்களா? மூன்று நாள் கூப்பாடு போடும். நாலாம் நாள் அடங்கிவிடும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

அப்போது ஒரு பனங்காட்டு ஓரத்தில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் இருளப்பன். வீட்டில் ஒரு கத்தி, ஒரு பானை, பானையின் மூடி மேல் பாரமாக ஒரு தட்டைக் கல். கல்யாணமான புதிதில் ஆற்றிலிருந்து அவள் தூக்கிவந்த கல் அது. அடுப்பு வேலை செய்துகொண்டே, "இந்த மனுஷன் சொன்ன பேச்சைக் கேக்கிறானா பாரு" என்று கல்லிடம்தான் முறையிடுவாள். கல் "ம்" என்று சொல்லும். ஆற்றை விட்டு வந்ததிலிருந்து அதற்குப் பேச்சு குறைவு. ஆனாலும் அந்த "ம்" இல்லாவிட்டால் சடைச்சிக்குச் சோறு இறங்காது.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆறு வற்றி வெறும் மணலாகிவிட்டது. ஊர் மொத்தமும் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீர் தேடிக் கிளம்பியது. காக்கையும் அணிலும்கூட அவர்கள் பின்னாலேயே போய்விட்டன. இருளப்பனும் சடைச்சியும் மட்டும் போக முடியவில்லை. வழிக்கு ஆகட்டும் என்று பனையேறி ஒரு குலை நுங்கை இறக்கிய இருளப்பன், இறங்கும்போது கால் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டான்.

"ஊரோட நீயும் போயிரு" என்றான்.

"உன்னைத் தூக்கிட்டுப் போகவும் முடியாது, விட்டுட்டுப் போகவும் முடியாது. வாயை மூடிக்கிட்டுப் படு" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. பானையின் அடியில் ஒரே ஒரு கை தண்ணீர் இருந்தது. வாசலில் அந்த நுங்குக் குலை கிடந்தது. ஒவ்வொரு காயிலும் மூன்று கண், கண்ணுக்குக் கண் இனிப்புத் தண்ணீர். ஆனால் என்ன செய்ய? குலையை அறுத்ததோடு கத்தி மழுங்கிப்போயிருந்தது. வெட்டினால் காயின் மேல் வழுக்கிக்கொண்டு போனது.

"என்னைப் புதைச்சிருவியா, சடைச்சி?" என்று கத்தி கேட்டது.

"இப்ப அதுவா எனக்குக் கவலை? போ அந்தப் பக்கம்."

கல்லைத் தூக்கிவந்து வாசலில் போட்டு, அதன் மேல் ஒரு காயை ஓங்கி அடித்தாள். காய் நசுங்கிச் சிதறியது. தண்ணீர் முழுவதும் மணலுக்குப் போனது. இன்னொன்றை அடித்தாள். அதுவும் அப்படியே. கண்ணெதிரே தண்ணீர் வீணாவதைப் பார்த்து அவளுக்கு அழுகை பொங்கிவந்தது.

தெறித்ததில் இரண்டு சொட்டு கல்லின் மேல் விழுந்திருந்தது. கல் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

"இன்னும் கொஞ்சம்" என்றது.

மத்தியான வெயில் தகித்துக்கொண்டிருந்தது. வற்றிய ஆற்றின் மேல் கானல் எழும்பி, கரை தளும்ப வெள்ளம் ஓடுவதுபோல் அசைந்தது. கல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அது பொய்யின்னு எனக்கும் தெரியும்" என்றது கல். "இங்க வந்ததுலேர்ந்து நான் கண்ணை மூடலை, சடைச்சி. ஈரம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். தூங்கினா கனவுல ஆறு வரும். ஆத்துல கிடந்தப்ப எத்தனை முரட்டுக் கல்லு என் மேல உரசி உரசி மெலிஞ்சு போச்சு தெரியுமா? ஒரு கை தண்ணி ஊத்திட்டு உன் கத்தியை என் மேல வை. அதையும் மெலிய வச்சுத் தர்றேன்."

"ஒரு கைதான் இருக்கு. அது என் புருஷனுக்கு."

"தெரியும். இன்னொண்ணையும் கேட்டுக்கோ. தூங்கினேன்னா நான் எந்திரிக்க மாட்டேன். அப்புறம் உன் பேச்சுக்கு ம் கொட்ட ஆள் கிடையாது."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சடைச்சி... தண்ணி."

அவள் உள்ளே போனாள். பானையைச் சாய்த்து உள்ளங்கையில் ஏந்தினாள். அவன் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. இதைக் கொடுத்தால் நாக்கு நனையும். அப்புறம்? பொழுது சாயும்போது என்ன கொடுப்பது? ஏந்திய கையோடு அவள் வாசலுக்குத் திரும்பினாள்.

"அடியே, எங்க போறே? கல்லுக்கா ஊத்துறே? உனக்கென்ன பைத்தியமா?" இருளப்பன் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் விழுந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லின் மேல் ஊற்றினாள்.

தட்டைக் கல்லில் தண்ணீர் நிற்குமா? நாலு பக்கமும் வழியப் பார்த்தது. ஒரு சொட்டும் போய்விடக்கூடாது என்று கல் தன் நடுவை உள்ளங்கைபோலக் குழித்துக்கொண்டது. பிறகு கண்ணை மூடியது.

அவள் கத்தியை அதன் மேல் சாய்த்து வைத்து இழுத்தாள்.

"வலிக்குமா?" என்றது கத்தி. நாலு இழுப்பு ஆனதும், "இல்லை, சுகமாத்தான் இருக்கு" என்றது.

கல்லிலிருந்து சாம்பல் நிறத்தில் குழம்பு கசிந்தது. சர்ர்... சர்ர்... என்று ஒரு சத்தம் எழும்பியது. கேட்கக் கேட்க சடைச்சிக்கே கண் சொக்கியது. முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நிற்பதுபோலவும், மீன் குஞ்சுகள் காலைக் கடிப்பதுபோலவும் இருந்தது. கை மட்டும் நிற்கவில்லை. பனை நிழல் வாசலைக் கடந்து சுவரில் ஏறியபோது, அலகைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தாள். வழுக்காமல் பிடித்தது.

ஒரே வெட்டுதான். நுங்கின் தலை தனியாகப் போய் விழுந்தது. மூன்று கண்ணும் தளதளவென்று நின்றன. ஓடிப்போய் அவன் வாயில் வைத்து, விரலால் குத்தி விட்டாள். ஒரு காய், இரண்டு காய், ஐந்து காய். ஆறாவது காயில் அவன் கண்ணைத் திறந்தான்.

"எனக்கு முந்தி கல்லுக்குத் தண்ணி கொடுத்தவதானே நீ?" என்றான்.

அவள் சிரித்தாள், கூடவே அழுகையும் வந்தது. வாசலுக்கு ஓடி, "கேட்டியா, அவன் பேசினதை?" என்றாள்.

கல் "ம்" என்று சொல்லவில்லை.

கத்தி என்னவோ சொல்ல வாயெடுத்தது. "உஷ்! தூங்குது" என்றாள் சடைச்சி. சட்டென்று வாயை மூடிக்கொண்ட கத்தி, பிறகு திறக்கவேயில்லை.

மழை வந்தது. ஆறு நுரைத்து ஓடியது. இருளப்பன் நொண்டியபடியே நடமாட ஆரம்பித்தான். கல்லை அதன் வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று சடைச்சி ஆற்றுக்குத் தூக்கிப்போனாள். கரையில் வைத்துத் தண்ணீர் தெளித்து, கடைசியாக ஒரு தரம் கத்தியை இழுத்தாள். ஆற்றின் சத்தமும் கைக்குக் கீழே எழுந்த சத்தமும் ஒன்றாகவே இருந்தன. கத்தியைக் கழுவி எடுத்துக்கொண்டாள். பிறகு கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பினாள்.

அந்த மத்தியானம் தொட்டுத்தான் மழுங்கின கத்தியை யாரும் புதைப்பதில்லை. தீட்டுகிற கல்லெல்லாம் நாள்பட நடுவில் குழிகிறது. வீட்டில் எத்தனை பேர் தாகத்தோடு காத்திருந்தாலும், கத்தியைத் தொடுமுன் கல்லுக்கு ஒரு கை தண்ணீர் போகிறது. அப்போது எழும்பும் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டுப் பாருங்கள். கல்லின் தூக்கத்துக்குள்ளே ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.