மாணவர் பதில்

மலையடிவாரத்து ஆசிரமப் பள்ளி மறுநாள் திறக்கிறது. மாசிலாமணி வாத்தியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் குருவின் அறைக்கு வந்துவிட்டார்.

குரு வேதவல்லியம்மை அவரைவிட ஆறு வயது இளையவர். வயதைப் பார்த்தா ஒருவரைக் குருவாக ஏற்கிறோம்?

"உட்காருங்க வாத்தியாரே. நீங்க நடக்கிற நடையில தரை தேஞ்சிடும்."

எங்கே உட்கார்வது? போன வருஷம் செவ்வந்தி என்ற சிறுமி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டாள். அவருக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "வாயை மூடு!" என்று அவளைப் பார்த்துக் கத்தினார். மூடியவள்தான், பிறகு திறக்கவே இல்லை. இந்த வருஷமும் அவள் அவர் வகுப்பில்தான்.

"இனிமே எந்தக் கேள்வியிலயும் நான் மாட்டக் கூடாதும்மா. லீவு பூரா உட்கார்ந்து எழுதிட்டேன்."

பாடக் குறிப்பேட்டை நீட்டினார். இடப்பக்கம் 'ஆசிரியர் கேள்வி'. வலப்பக்கம் 'மாணவர் பதில்'. ஓர் இடம் விடாமல் இரண்டையும் அவரே நிரப்பியிருந்தார்.

"பிள்ளைங்க நாளைக்குத்தானே வர்றாங்க? பதில் மட்டும் முன்னாடியே வந்துருச்சா?"

வாத்தியார் நெளிந்தார்.

"சரி, பாடத்தை நடத்துங்க. நான்தான் வகுப்பு." அம்மை குறிப்பேட்டை மடியில் விரித்துச் சம்மணமிட்டார்.

"மழை எப்படி உண்டாகிறது?"

"நீர் ஆவியாகி மேகமாகிறது, ஐயா," என்று அம்மை வாசித்தார்.

"மிக நன்று. மேகம் ஏன் கறுக்கிறது?"

அதற்கும் எழுதியபடியே பதில் வந்தது. எங்கும் தடங்கல் இல்லை. முக்கால் மணி நேரப் பாடம் பத்தே நிமிஷத்தில் முடிந்தது. நிம்மதி வரவில்லை; வாத்தியார் மறுபடி நடக்கத் தொடங்கினார்.

"இதுல செவ்வந்தி பேசுறது எந்த இடம்?"

"அவ பேச மாட்டாம்மா."

"அன்னைக்குப் பேசினாளே. என்ன கேட்டா?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு காதில் அப்படியே இருந்தது. தான் கூனிக்குறுகி நின்றதும் மறக்கவில்லை. கேள்வி மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஒரு வருஷமாக அவர் தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மறந்துட்டேம்மா."

அம்மை குறிப்பேட்டை மூடினார். திருப்பிக் கொடுக்கவில்லை.

"பொழுது சாய இன்னும் நேரம் இருக்கு. அவ வீடு ஆத்துக்கு அக்கரையிலதான். போய்க் கேட்டுட்டு வாங்க."