ரியாக்‌ஷன் படித்த கண்டக்டர்

"என் மூஞ்சில எதுவும் வர மாட்டேங்குதும்மா."

ஸ்டூடியோ வாசற்படியில் உட்கார்ந்திருந்த பிலோமினா தயிர்சாதப் பொட்டலத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"எத்தினி நாளா?"

"பொறந்ததுலேர்ந்து."

சொன்னவர் தணிகாசலம். அரக்கோணத்தில் பஸ் கண்டக்டர். ரிட்டையர் ஆகப்போகிற வயது. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் இலக்கியா, ஒரு டிவியின் பாட்டுப் போட்டியில் பாடிக்கொண்டிருந்தாள்.

மகள் பாடும்போது டிவியில் நடுநடுவே அப்பாவைக் காட்டுவார்கள். அப்பா உட்கார்ந்திருப்பார். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவனைப் பஸ்ஸில் எப்படிப் பார்ப்பாரோ, அப்படியே உட்கார்ந்திருப்பார். கல்லுளிமங்கன் என்று டிப்போவில் அவருக்குப் பெயர்.

அந்த ஸ்டூடியோவை மேய்த்துக்கொண்டிருந்தவள் சிந்துஜா என்று ஒரு பெண். ஃப்ளோர் மேனேஜர். போட்டிக்கு வந்த பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லோருமே அவளுக்கு அப்பாதான்.

"அப்பா, ரியாக்‌ஷனே வரலப்பா," என்று அவள் காலையில் சொல்லியிருந்தாள். "ரியாக்‌ஷன் இல்லேன்னா கதை இல்ல. கதை இல்லேன்னா இலக்கியாவை எப்படி வெச்சுக்கறது, நீங்களே சொல்லுங்க."

அதனால்தான் பிலோமினாவிடம் வந்திருந்தார்.

பிலோமினாவின் பெயர் யாருக்கும் தெரியாது. முகம் எல்லோருக்கும் தெரியும். எந்த சேனலில் எந்தப் போட்டி நடந்தாலும் முதல் வரிசையில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாளே, அவள்தான். புளியந்தோப்பிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனங்களைக் கூட்டிவருவாள். கைதட்டச் சொல்லித் தருவாள். கேமரா இடது பக்கம் இருந்தால் இடது கண்ணில் மட்டும் தண்ணீர் விடுவாள் என்று சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன்.

கண்டக்டரைவிட வயதில் சின்னவள். எல்லோரும் அக்கா என்றார்கள். அவரும் அக்கா என்றே கூப்பிட்டார்.

"ரியாக்‌ஷன்னா என்னக்கா?"

"யார் கேக்குறாங்கன்றதைப் பொறுத்து."

"புரியல."

"கேமராக்காரர் கேட்டா, கண்ணு அசையணும். ஜட்ஜு பேசும்போது கேட்டா, எழுந்து நிக்கணும். மேல ஏசி ரூம்ல குந்திகினு இருக்கறவன் கேட்டா, போன்ல பாக்கறவன் விரலால தள்ளுறதுக்குள்ள உன் மூஞ்சி அவனைப் புடிச்சு நிறுத்தணும். போன மாசம் என் பேரனுக்கு ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சிச்சு. டாக்டரும் ரியாக்‌ஷன்னுதான் சொன்னாரு."

"அவர் என்ன அர்த்தத்துல சொன்னாரு?"

"உடம்பு ஒத்துக்கலன்னு."

"இதுல எது சரி?"

"டாக்டர் சொன்னதுதான்," என்று பிலோமினா கை கழுவப் போனாள்.

*

பாடம் மறுநாள் காலையில் தொடங்கியது.

அந்த ஸ்டூடியோவின் வழக்கம் இது: முதலில் ரியாக்‌ஷனை எடுத்துவிடுவார்கள். பாட்டு சாயங்காலம்தான்; மேடை வெளிச்சத்தில் பாடுகிறவர் கண்ணுக்கு எதிரே இருக்கிற ஜனங்கள் தெரிய மாட்டார்கள். பாடப்போகிற பிள்ளைகள் காலையில் மேக்கப் ரூமில் இருப்பார்கள், இது அவர்களுக்குத் தெரியாது. மேடை காலியாக இருக்கும். காலி மேடையைப் பார்த்து ஜனங்கள் சிரிக்க வேண்டும், கைதட்ட வேண்டும், எழுந்து நிற்க வேண்டும், அழ வேண்டும்.

"யாரும் பாடலையேக்கா?" என்றார் கண்டக்டர்.

"பாடினா பாட்டைக் கேக்கத் தோணும். வேலை கெட்டுடும்."

"அழுகை எப்படி வரும்?"

"எதையாச்சும் நெனைச்சுக்கோ. ஆனா உன் சம்சாரத்தை நெனைக்காத."

"ஏன்?"

"தேஞ்சு போயிடும்."

அதற்குள் அவர் மனைவியை நினைத்துவிட்டிருந்தார். முகத்தில் வழக்கம்போல ஒன்றும் வரவில்லை.

"நீங்க யாரை நெனைப்பீங்க?"

"ஒரு குடை. செவப்புக் கலர். புதுசு. பஸ்ஸுல வுட்டுட்டேன்."

"எந்த ரூட்டு?"

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சிரித்தது கேமராவுக்கு உதவாது என்று சிந்துஜா சொன்னாள்.

இடைவேளையில் பிலோமினா கேட்டாள். "வீட்ல பொண்ணு நல்லா பாடினா நீ இன்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"ஒண்ணுமேவா?"

யோசித்தார். "கண்ணாடியைக் கழட்டித் தொடைப்பேன். அந்த நேரம் பார்த்து எப்பவும் தூசி படிஞ்சிடும். அவளும் நான் தொடைக்கிறேனான்னு பார்த்துகிட்டேதான் பாடுவா. தொடைச்சா பாட்டை நிறுத்திட்டு சாப்பிட வந்துடுவா. தொடைக்கலன்னா மறுபடி பாடுவா."

பிலோமினா அவருடைய கண்ணாடியைப் பார்த்தாள். அதில் தூசி இல்லை.

"கண்டக்டரே, எல்லாம் சொல்லித் தர்றேன். கைதட்டு, அழு, விழுந்து கும்பிடு, இன்னா வேணா பண்ணு. கண்ணாடியை மட்டும் இங்க கழட்டாத."

"ஏன்க்கா?"

"என் வூட்டுக்காரர் செத்த அன்னிக்கு அழுதேன். நாத்தனார் கேட்டா, இதுக்கு எவ்ளோ குடுத்தாங்கன்னு."

கண்டக்டர் கண்ணாடியை மூக்கில் நன்றாக ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நீங்க எதைக் கழட்டாம வெச்சிருக்கீங்க?" என்றார் அவர்.

"வெச்சிருந்தா உனக்கு ஏன் சொல்லப்போறேன்?"

*

கண்டக்டர் நல்ல மாணவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆடுகிற பஸ்ஸில் ஆடாமல் நின்றவர், ஆடாத நாற்காலியில் ஆடக் கற்றுக்கொண்டார்.

பஸ்ஸில் பழகினார். சரியாகச் சில்லறை கொடுத்த ஒரு அம்மாளைப் பார்த்துக் கண்கலங்கினார். "தணிகா, உடம்பு சரியில்லையா?" என்று டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

டிவியில் அவர் அழுதார். ஊரே பார்த்தது. 'அழுகிற அப்பா' என்று போனுக்குப் போன் பறந்தார். இலக்கியா ஒரு வாரம் தாண்டினாள், இன்னொரு வாரம் தாண்டினாள். அவளைவிட நன்றாகப் பாடிய ஒரு பெண் வீட்டுக்குப் போனாள். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு முகத்தில் எதுவும் வராது.

ரயிலில் ஊர் திரும்பும்போது இலக்கியா கேட்டாள்.

"இன்னிக்கு எனக்கு சுருதி வெலகிச்சு. நீ எழுந்து நின்னு கைதட்டுனியாமே."

"ஆமாம்மா. அது வேலை."

"அப்ப நல்லா பாடினேனா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"வீட்டுக்கு வந்து பாடு."

வீட்டுக்கு வந்து பாடினாள். அவர் கல்லாக உட்கார்ந்திருந்தார். மறுபடி பாடினாள். கல். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பாடினாள். சரணம் முடியும்போது அவர் கை மெல்லக் கண்ணாடிக்குப் போனது.

"பசிக்குதுப்பா," என்று இலக்கியா தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்புக்கு நான் எந்தப் பரிசையும் ஈடு சொல்ல மாட்டேன்.

*

பழகப் பழகப் பாலும் புளிக்கும். அப்பாவின் அழுகை புளித்தது.

கடைசிச் சுற்றுக்கு முந்தின வாரம். இலக்கியா, இல்லை தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு பையன், இருவரில் ஒருவர் போக வேண்டும். அன்று காலையில் பையனின் அப்பா மயங்கியே விழுந்தார். கேமரா எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு விழுந்தார்.

அடுத்தது கண்டக்டர். அழுதார். நெஞ்சில் கை வைத்தார். கும்பிட்டார்.

சிந்துஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண்தான், குரலை உயர்த்தவே மாட்டாள். "அப்பா, இதெல்லாம் பார்த்தாச்சுப்பா. புதுசா ஒண்ணு வேணும். இந்த வாரம் இலக்கியா டேஞ்சர்ல இருக்கா. எனக்கும் அவளைப் புடிக்கும். ஏதாவது குடுங்களேன்."

மேடை காலியாக இருந்தது.

மகளுக்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது என்று அவர் நினைத்தார். அரக்கோணத்தில் பிறந்து, அம்மா இல்லாமல் வளர்ந்து, இதுவரை வந்துவிட்டாள். இன்னும் ஒரு வாரம் தாண்டினால் போதும்.

முதல் வரிசையில் பிலோமினா திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

ஸ்டூடியோ கப்சிப் என்று ஆனது.

"அப்பா!" சிந்துஜா எழுந்தே விட்டாள். "என்னப்பா இது! இதை ஏன் இவ்வளவு நாள் காட்டவே இல்ல? இன்னொரு தரம் பண்ணுங்க. மெதுவா. கொஞ்சம் லெஃப்ட்ல திரும்பி."

பண்ணினார்.

"கண்ணாடியைக் கீழ எறக்கும்போது மேடையைப் பாருங்க."

பார்த்தார். மேடையில் ஒருவர் விளக்குமாறால் ஜிகினாவைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"சூப்பர்ப்பா. க்ளோஸ்ல ஒண்ணு."

பிலோமினா எழுந்து தண்ணீர் குடிக்க வெளியே போனாள். திரும்பி வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டார்கள். அப்பாவும் மகளும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இலக்கியா பாடினாள். அனுபல்லவியில் ஒரு இடத்தில் குரல் சறுக்கியது. சறுக்கிய அதே இடத்தில் அப்பாவைக் காட்டினார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். வயலின் ஒலித்தது.

இலக்கியா துள்ளி எழுந்தாள்.

"நிஜமாவாப்பா? அந்த இடத்துக்கா? நான் சொதப்பிட்டேன்னு ராத்திரியெல்லாம் அழுதேன். உனக்குப் புடிச்சிருந்துதா?"

"எந்த இடம்?" என்றார் அவர்.

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது.

இலக்கியா அவரைப் பார்த்தாள்.

"எப்ப எடுத்தாங்க இதை?"

"காலையில."

"நான் பாடறதுக்கு முன்னாடியா?"

"உனக்காகத்தாம்மா..."

அவள் டிவியை அணைக்கவில்லை. சண்டை போடவில்லை. மறுபடி உட்கார்ந்து மிச்சத்தையும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. பெற்றவர் முகம் பிள்ளைக்கு வராமல் எங்கே போகும்?

*

தஞ்சாவூர்ப் பையன் வீட்டுக்குப் போனான். இலக்கியா கடைசிச் சுற்றில் இரண்டாவதாக வந்தாள். ஒரு ஸ்கூட்டர் கொடுத்தார்கள்.

கண்டக்டரைத் தெரியாதவர் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் ஜனங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் காட்டினார்கள். கண்ணாடி போடாதவர்களும் துடைத்தார்கள். எல்லாம் பிரியத்தோடுதான்.

ஒருநாள் லீவு போட்டுவிட்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். பிலோமினா அதே படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வீட்டுக்குன்னு வேற ஒண்ணு கத்துக்குடுங்க."

"இன்னாச்சு?"

"அவ பாடறதில்ல. என் எதிர்ல பாடறதே இல்ல."

"கத்துக்குடுத்தா அது வீட்டுது இல்ல கண்டக்டரே. இங்கத்துதுதான்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. பழையபடி கல்லு மாதிரி குந்திக்கினு இரு."

"முடியலக்கா." அவர் கன்னம் துடித்தது. புருவம் ஏறி இறங்கியது. உதடு தானாக ஒரு பக்கம் கோணியது. "மூஞ்சி நிக்க மாட்டேங்குது."

பிலோமினா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் அழுதாள்.

எந்தக் கண்ணில் என்று அவர் பார்த்தார். இரண்டிலும்.

"குடையாக்கா?"

"தெர்ல," என்றாள் அவள்.

*

மழைக்காலம் முடிந்து வெயில் வந்திருந்தது. தணிகாசலத்துக்கு அன்று மாலை டூட்டி. மாடியில் இலக்கியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறாள்.

பாடினாள்.

செத்துப்போன அம்மா எப்போதோ முணுமுணுத்த பாட்டு. போட்டியில் பாடாத பாட்டு. சுருதி அசையவில்லை. அவசரம் இல்லை. யாருக்காகவும் பாடுகிற பாட்டாக அது இல்லை.

அவர் படியேறி வந்து நின்றார். அவருக்கு எதிரே கொடியும், ஈரப் பாவாடைகளும், மகளின் முதுகும் எல்லாம் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. அவர் எதையும் நினைக்கவில்லை. கை தானாக எழுந்து கண்ணாடியைக் கழற்றியது.

பாட்டு நின்றது.

இலக்கியா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்ப்பா," என்றாள். "இங்க கேமரா இல்ல."